வெள்ளி ஆந்தையின் வலது கண்

அத்தியாயம் 14

வியாழக்கிழமை மாலை மருமகள் ஓர் ஆந்தையின் கண்ணைத் துடைத்தாள். கண் போய்விட்டது. கையில் மஞ்சள் துணியோடு அவளை அப்படியே நிறுத்திவிட்டுத்தான் போன வாரம் நாம் கலைந்து போனோம்.

ஆந்தை, வெள்ளி ஆந்தை. பறவைகள் வரிசையில் வெளிவந்த பன்னிரண்டு நினைவு நாணயங்களில் நாலாவது. பறவை முழுக்க வெள்ளி. ஏதாவது ஓரிடத்தில் மட்டும் தங்க முலாம். மீன்கொத்திக்கு அலகு. மரங்கொத்திக்குக் கொண்டை. கொக்குக்குக் கால். ஆந்தைக்கு இரண்டு கண்கள், ஒவ்வொன்றும் கடுகளவு. முழுக்கத் தங்கம் பூசினால் அதை நகை என்பார்கள். பூசாமல் விட்டால் காசு என்பார்கள். கடுகளவு பூசினால் அதற்கு ஒரு சங்கமும், ஒரு தலைவரும், இரண்டு செயலாளர்களும் உண்டாகிவிடுகிறார்கள்.

நாணயங்களை வைத்திருப்பவர் மாமனார். லிஃப்ட் பரிசோதகர். ஊரில் பாதி லிஃப்டுகளில் அவர் கையெழுத்து கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. இப்போது அந்தக் கை லேசாக நடுங்குகிறது. அதனால், கீறல் விழுந்த பழைய பிளாஸ்டிக் கூடுகளிலிருந்து நாணயங்களைப் புதிய கூடுகளுக்கு மாற்றும் வேலையை மருமகளிடம் கொடுத்தார். சொந்த மகனுக்குக் கிடைக்காத கௌரவம். அவன் ஒரு முறை திறந்த பெட்டிக்கு எதிரே தும்மிய நாளிலிருந்து, மூன்றடி தள்ளி நிற்க வேண்டும் என்பது வீட்டு விதி.

மருமகளுக்குக் கைக்கடிகாரம் பழுது பார்க்கும் கடையில் வேலை. நடுங்காத கை. ஆனால் அந்தக் கைக்கு ஒரு பழக்கம் உண்டு. கடையில் எந்தக் கடிகாரமும் ஒரு தடவை துடைக்கப்படாமல் வாடிக்கையாளரிடம் போகாது. மாமனார் போன் பேச எழுந்துபோன ஒன்றரை நிமிஷத்தில், ஆந்தையின் முகத்தில் லேசாக ஒரு மங்கல் தெரிந்தது. கை தானாகவே பைக்குள் போய்க் கடைத் துணியை எடுத்தது. இரண்டே இழுப்பு. அந்தத் துணியில் மெருகுப்பொடி ஏற்றியிருக்கும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். இரண்டாவது இழுப்புக்குப் பிறகு இன்னும் நன்றாகத் தெரிந்தது.

போனில் இருந்தது மாமனாரின் அக்கா. ஏழு வருஷத்தில் முதல் அழைப்பு. "சனிக்கிழமை பதினோரு மணிக்கு வர்றேன். கொக்கையும் எடுத்துட்டு வர்றேன்."

அந்தப் பன்னிரண்டும் அக்காவும் தம்பியும் சேர்ந்து ஆளுக்குப் பாதி போட்டுத் தபாலில் வரவழைத்தவை. மாதத்துக்கு ஒன்று. ஒன்பதாவதாகக் கொக்கு வந்த அன்று, வெளிச்சத்தில் பார்க்கலாமே என்று அக்கா அதை வெறும் கையால் எடுத்து ஜன்னலோரம் கொண்டுபோனார். "தொடாதே! அறிவிருக்கா உனக்கு?" என்று தம்பி கத்தினார். வீட்டில் விருந்தாளிகள் இருந்தார்கள். அக்கா கொக்கைக் கைப்பையில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனவர்தான்.

இன்று சனிக்கிழமை. மணி ஒன்பது.

மாமியார் காலையிலேயே தன் தங்கை வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். இந்த மாதிரிச் சனிக்கிழமைகளை முன்கூட்டியே மோப்பம் பிடிப்பதில் அவருக்கு முப்பத்தைந்து வருஷ அனுபவம்.

மருமகள் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கணவனுக்குப் போன் செய்தாள். அவன் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவன்.

"சொல்லிட்டியா?" என்றான்.

"இல்ல."

"சொல்லாத."

"நீதானே நேத்து சொல்லிடு சொல்லிடுன்னே!"

"நேத்து ஒரு நாள் முழுசா இருந்துச்சு. இன்னிக்கு ரெண்டு மணி நேரம்தான் இருக்கு. கண்ணு எவ்ளோ பெரிசு?"

"கடுகு மாதிரி."

"அப்பாவுக்குக் கடுகெல்லாம் தெரியாது. கண்ணாடியை மாத்துங்கன்னு சொல்லி மூணு வருஷம் ஆச்சு. அத்தைக்கும் வயசாயிடுச்சு. பேசாம இரு. மூச்சை இழுத்துப் பிடிச்சிட்டு அசையாம இரு, அவ்ளோதான்."

எக்ஸ்ரே எடுப்பவனைக் கட்டிக்கொண்டால் வாழ்க்கையின் எல்லாச் சிக்கலுக்கும் இந்த ஒரே யோசனைதான் கிடைக்கும். பிடித்த மூச்சை எப்போது விடுவது என்று மட்டும் அவன் சொல்ல மாட்டான்.

"எனக்கு என்னவோ சரியாப் படல."

"உனக்கு எதுதான் சரியாப் பட்டிருக்கு? ஒரு ஆள் உள்ள வர்றார், முழங்கால். வெச்சிடட்டுமா?"

வைத்துவிட்டான்.

சாப்பாட்டு மேஜையில் மாமனார் கறுப்பு வெல்வெட் விரித்துக்கொண்டிருந்தார். மேஜை சமமாக இருக்கிறதா என்று ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். குமிழி நடுவில் நின்றதும் முகத்தில் ஒரு நிம்மதி. பக்கத்தில் வெள்ளைக் கையுறை இரண்டு ஜோடி, லென்ஸ், நாணயங்களோடு வந்த சிறு புத்தகம். பெட்டி மூடியே இருந்தது.

அதை வருஷத்துக்கு ஒரு தடவைதான் திறப்பார். பார்த்தால் வெளிச்சம் படும், வெளிச்சம் பட்டால் வெள்ளி கறுக்கும் என்பது அவர் கட்சி. அழகான பொருள்களைத் தேடித் தேடிச் சேர்த்து, அவற்றை யாரும் பார்த்துவிடாமல் பார்த்துக்கொள்வதற்குச் சேகரிப்பு என்று பெயர்.

"மாமா."

"அந்த விளக்கைக் கொஞ்சம் சாச்சு வையம்மா. இன்னும். போதும். போதும்னா போதும்."

"ஒரு விஷயம் சொல்லணும்."

"எனக்குத் தெரியும்."

மருமகள் கை விளக்கிலேயே நின்றது.

"நீ பயப்படுறே. அக்காவைப் பாத்ததும் நான் மறுபடி கத்திடுவேன்னு. கத்த மாட்டேன். நேத்து வேலைக்குப் போன இடத்துல எல்லாம் லிஃப்டுக்குள்ள தனியா நின்னு பழகிப் பாத்துட்டேன்."

"என்ன பழகினீங்க?"

"'வா அக்கா'ன்னு சொல்றதை. ஏழு வருஷமா சொல்லலியா, வாய்க்கே வரல. ஒரு கட்டடத்துல பதினாலாவது மாடி வரைக்கும் போயிட்டு வந்தேன். பத்தாவது மாடியில கொஞ்சம் நல்லா வந்துச்சு."

மருமகள் விளக்கை இன்னும் கொஞ்சம் சாய்த்தாள். வேறெதுவும் செய்யத் தோன்றவில்லை.

"கொக்கு வந்ததும் நீதான் உள்ள வைக்கணும்," என்றார் மாமனார். "உன் கை இருக்குங்கற தைரியத்துலதான் அவளை வரச் சொன்னேன்."

சரியாகப் பதினோரு மணிக்கு அழைப்பு மணி அடித்தது.

மாமனாரின் அக்கா, மருமகளுக்கு அத்தை, மூச்சு வாங்க வாசலில் நின்றார். அறுபத்தாறு வயது. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறார். முப்பது வருஷம் மற்றவர்கள் ஓட்டும் காரில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் பக்கத்து பிரேக்கை மிதித்தே பிழைத்தவர். எதிரே இருப்பவர் பேச்சு கொஞ்சம் தடம் மாறினாலும் அவர் வலது கால் தரையை அழுத்தும்.

"வா அக்கா," என்றார் மாமனார். பழகிய இடத்தின் தோஷம், மாடி எண்ணை அறிவிக்கும் குரலில் வந்தது.

"ஏன் அத்தை, லிஃப்ட் ஓடலையா?" என்றாள் மருமகள்.

"ஓடுது. உள்ள போய்ப் பாத்தேன். வேற யாரோ கையெழுத்துப் போட்டிருக்கான். படியில வந்துட்டேன்."

சொந்தக் கட்டடத்து லிஃப்டைப் பரிசோதகரே பரிசோதிக்கக் கூடாது என்பது அலுவலக விதி. அதை விளக்கலாம் என்று மாமனார் வாயைத் திறந்தார். பிறகு, மூன்று மாடி ஏறிவந்தவர் என்ன சொன்னார் என்பது அவருக்கு உறைத்திருக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"இவதான் மருமகளா? ஒல்லியா இருக்காளே. கல்யாணத்துக்குக் கூப்பிட்டிருந்தா வந்து பாத்திருப்பேன்."

"கூப்பிட்டேனே."

"தபால்ல கூப்பிட்டே."

"எல்லாரையும் தபால்லதான் கூப்பிட்டேன்."

"எல்லாரும் உனக்கு அக்காவா?"

அத்தையின் வலது கால் தரையை அழுத்தியது. மாமனார் வண்டியை நிறுத்தினார்.

"தப்புதான்," என்றார்.

அத்தை நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு கைப்பையைத் திறந்து மூக்குக்கண்ணாடிக் கூடு ஒன்றை எடுத்தார். அதற்குள் ஒரு கைக்குட்டை. கைக்குட்டைக்குள் கொக்கு.

"எங்க வச்சிருந்தே இத்தனை வருஷம்?"

"கார்ல. டேஷ்போர்டுல."

"வெயில்ல..." என்று ஆரம்பித்த மாமனார் இருமல் வந்ததுபோல் இருமினார். "கார்லன்னா பத்திரம்தான்," என்று முடித்தார்.

கையுறை போட்டுக்கொண்டு கொக்கை விளிம்பில் பிடித்து லென்ஸை வைத்துப் பார்த்தார். தங்கக் கால்கள் அப்படியே இருந்தன. கொக்கின் தலைக்கு மேலே, வானம் இருக்க வேண்டிய இடத்தில், பழுப்பாக ஒரு கட்டைவிரல் ரேகை. ஏழு வருஷத்தில் வெள்ளிக்குள்ளேயே இறங்கிவிட்டிருந்தது. சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் இப்படிப்பட்ட ரேகைகளைப் பெரிதாக்கித் திரையில் போட்டுக் காட்டி, "இதுதான் கொலைக்கான சாட்சி" என்று பேசுகிறவர் அவர்.

"ரேகை தெரியுதா?" என்றார் அத்தை.

"எங்க?"

"பொய் சொல்லாதடா."

"கொஞ்சம் தெரியுது." லென்ஸை எடுக்காமலே சொன்னார். "நல்லாத்தான் இருக்கு. கொக்குக்கு மேல மேகம் மாதிரி."

 அத்தை கைக்குட்டையை நாலாக மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

மருமகள் கையுறை மாட்டிக்கொண்டு கொக்கைப் புதிய கூட்டில் வைத்து மூடினாள். மாமனார் பெட்டியைத் திறந்தார். பதினொரு பறவைகளும் ஒரு குழியும். ஒன்பதாவது குழியில் கொக்கு இறங்கி உட்கார்ந்தது. ஏழு வருஷமாகத் திறந்தே கிடந்த வாய் ஒன்று மூடிக்கொண்டதுபோல் இருந்தது.  கீழே தெருவில் யாரோ ஸ்கூட்டரைக் கிளப்பப் பார்த்து, முடியாமல், மறுபடி முயன்றுகொண்டிருந்தார்கள்.

இத்தோடு பெட்டியை மூடிவிட்டால் போதும் என்று மருமகள் நினைத்தாள். நிஜமாகவே மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள்.

"அந்த லென்ஸைக் குடு," என்றார் அத்தை. "போன மாசம்தான் ரெண்டு கண்ணுலயும் ஆபரேஷன் முடிஞ்சுது. இப்ப எனக்கு எறும்போட மீசை தெரியுது."

கணவன் கணக்கில் முதல் ஓட்டை அங்கே விழுந்தது.

அத்தை முதல் நாணயத்திலிருந்து வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். மீன்கொத்தி. மரங்கொத்தி. நாரை. நாலாவதில் நின்றார். தலையைச் சாய்த்தார். விளக்கைத் தன் பக்கம் திருப்பினார்.

"டேய், ஆந்தைக்குக் கண்ணு இல்லடா."

மாமனார் லென்ஸை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். போட்டுக்கொண்டு பார்த்தார். புத்தகத்தைப் புரட்டினார். படத்தில் ஆந்தைக்கு இரண்டு கண்களும் பொன்னாக மின்னின.

"அத்தை..." என்றாள் மருமகள்.

"இரும்மா, இரு! டேய், இது முலாம் போடாமயே வெளிய வந்திருக்குடா! நாணயச்சாலையிலேயே விட்டிருக்கான்! எர்ரர் காயின்!"

சேகரிப்பவர்கள் உலகத்தில் இதற்கு ஒரு நியாயம் உண்டு. குறை இல்லாத நாணயம் நல்ல நாணயம். குறை உள்ள நாணயத்தில் மட்டும், குறை எங்கே ஏற்பட்டது என்று கேட்க வேண்டும். நாணயச்சாலையில் ஏற்பட்டிருந்தால் அது அதிசயம். கண்ணாடிப் பேழையில் வைத்து வரிசையில் நின்று பார்ப்பார்கள். வீட்டில் ஏற்பட்டிருந்தால் அது பாவம். இரண்டும் பார்ப்பதற்கு ஒரே மாதிரிதான் இருக்கும்.

"இத்தனை வருஷம் வீட்ல வச்சிருக்கே. கவனிக்கவே இல்லயா நீ?"

இந்த இடத்தில் "இல்லை" என்று சொல்லியிருக்கலாம். ஆனால் இருபத்தொன்பது வருஷம் பரிசோதகராக இருந்தவருக்கு அந்த ஒரு சொல் மட்டும் பழக்கமில்லை.

"கவனிச்சேன்," என்றார்.

"எப்போ?"

"வந்த அன்னிக்கே. பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு."

சொன்னது தனக்கே பிடித்துப்போய், போனை எடுத்து ஆந்தையைப் படம் பிடித்தார். 'முலாம் இல்லாத ஆந்தை. என் கைவசம்.' சங்கத்துக் குழுவுக்கு அனுப்பினார். நிமிஷத்தில் எட்டுக் கைதட்டல்கள் வந்தன. முகம் விளக்கை விடப் பிரகாசமாக இருந்தது.

நிமிர்ந்தபோது அத்தையின் முகம் அப்படி இல்லை.

"வந்த அன்னிக்கே தெரியும்."

"ஆமா அக்கா."

"ஆந்தை நாலாவது காசு. நாம சண்டை போட்டது ஒன்பதாவதுல. நடுவுல அஞ்சு மாசம். வாராவாரம் வந்து இதே நாற்காலியில உக்காந்து டீ குடிச்சிருக்கேன். ஒரு வார்த்தை சொல்லல நீ."

மாமனார் முகத்தில் விளக்கு அணைந்தது.

"பாதி எனக்கும் சொந்தம்ங்கிறதால சொல்லல. அப்படித்தானே?"

"அப்படி இல்லக்கா..."

"பின்ன எப்படி?"

 இல்லாத விஷயத்தை மறைத்ததற்கு என்ன காரணம் சொல்வது?

"நான் தொட்டதைத் திருட்டு மாதிரி கத்தினே. நீ மறைச்சது என்னடா?" அத்தை குரலை உயர்த்தவே இல்லை. பெட்டியிலிருந்து கொக்கை எடுத்து மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் போட்டு 'டப்'பென்று மூடினார். கைப்பையை மாட்டிக்கொண்டு எழுந்தார். "இது என் டேஷ்போர்டுலயே இருக்கட்டும்."

வாசலுக்கு ஏழெட்டு அடிதான். மருமகள் மாமனாரைப் பார்த்தாள். அவர் ஒன்பதாவது குழியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் செய்த தப்புக்கு, அவர் சொன்ன பொய்க்கு, அத்தை படியிறங்கப் போகிறார். இன்னும் ஏழு வருஷமோ, அதற்கு மேலோ.

"அத்தை, நில்லுங்க."

அத்தை நின்றார்.

"ஆந்தைக்குக் கண்ணு இருந்துச்சு. வியாழக்கிழமை சாயங்காலம் வரைக்கும் இருந்துச்சு. நான்தான் தொடச்சேன்."

அந்த வீட்டில் அப்படி ஒரு சொல் பெட்டியின் முன்னால் அதுவரை உச்சரிக்கப்பட்டதில்லை. சங்கத்துக்காக மாமனார் தயாரித்த 'துடைக்காதீர்கள்' என்ற உரை நாற்பது படங்கள் கொண்டது. கல்யாணமான இரண்டாவது வாரம் மருமகளுக்கும் போட்டுக் காட்டியிருக்கிறார். அவள் முப்பத்தொன்றாவது படத்தில் தூங்கிவிட்டாள்.

"கடையில மெருகு போடுற துணி. ஏதோ மங்கலா இருந்துச்சு. கை தானாப் போயிடுச்சு. வேணும்னு செய்யல. ஆனா செஞ்சது நான்தான்."

 அத்தை திரும்பி வந்தார். மருமகளிடம் வரவில்லை; தம்பியிடம்.

"வந்த அன்னிக்கே தெரியும்னியே?"

மாமனார் வெல்வெட்டின் ஓரத்தை நீவிவிட்டார்.

"என்னத்தடா தெரிஞ்சுது உனக்கு?"

"ஒண்ணும் தெரியல அக்கா."

"தெரியாமயா தெரியும்னே?"

"ஆமா." புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "அந்தக் கண்ணை நான் ஒரு நாள்கூட ஒழுங்காப் பாத்ததே இல்லக்கா," என்றார். "தங்கமா, வெள்ளியான்னு என்னைக் கேட்டா, புத்தகத்தைப் பாத்துத்தான் சொல்லுவேன்."

அத்தை நாற்காலியில் உட்கார்ந்தார். லென்ஸை எடுத்து ஆந்தையை மறுபடி பார்த்தார். "கண்ணைச் சுத்தி மெல்லிசா கோடு ஓடுது. துணி பட்ட கோடு. அப்பவே பாத்தேன். பாக்கலன்னு நினைச்சுக்கிட்டேன்." லென்ஸைக் கீழே வைத்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று மருமகள் பதறினாள். சிரித்துக்கொண்டிருந்தார்.

"பரிசோதகராம்! டேய், இந்த ஊர்ல ஒரு லிஃப்ட்ல இனிமே ஏறுவேனா நான்?"

மாமனார் சிரிக்கவில்லை. மருமகளைப் பார்த்துக் கேட்டார்:

"ஏன் அன்னிக்கே சொல்லல?"

"நீங்க போன்ல இருந்தீங்க. 'வா, வா, எப்ப வேணாலும் வா'ன்னு சொல்லிட்டு இருந்தீங்க. கல்யாணமாகி எட்டு மாசத்துல உங்ககிட்ட அப்படி ஒரு குரலை நான் கேட்டதே இல்ல மாமா. அதுக்கு நடுவுல வந்து இதை எப்படிச் சொல்றது?"

மாமனார் ஆந்தையின் கூட்டைக் கையில் எடுத்தார்.

"அப்புறம் புதுக் கூட்டுல வச்சியே. கை நடுங்குச்சா?"

"நடுங்குச்சு."

"முதல் தடவையா?"

"ஆமா."

"எனக்கு தினமும் நடுங்குது. பழகிடும்," என்றார்.

அவர் மன்னித்துவிட்டார் என்பதை மருமகள் புரிந்துகொள்ள அரை நிமிஷம் ஆனது. புரிந்து மூச்சை விட்ட அதே நேரத்தில் போன் சிணுங்கியது.

சங்கத் தலைவர். உறுப்பினர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் 'கையுறை' என்பார்கள். ஹோட்டலில் தண்ணீர் டம்ளரைக்கூடக் கையுறை போட்டு எடுப்பவர் என்று ஒரு பேச்சு உண்டு. செய்தி இப்படி இருந்தது: 'செயலாளர்கள் இருவருடன் புறப்பட்டுவிட்டேன். கூட்டைத் திறக்க வேண்டாம். அருகில் யாரும் தும்ம வேண்டாம்.'

"அனுப்பினதை அழிச்சிடுங்க மாமா!"

"முப்பத்தெட்டு பேர் பாத்தாச்சு. ஒருத்தர் கவிதை எழுதிட்டார்."

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உண்மையைச் சொல்லு. முடிஞ்சுது," என்றார்.

"சொல்லலாம்." மாமனார் பெட்டியின் மூடியைத் தடவினார். "துடைச்சுக் கெடுத்தவங்க பேரைச் சங்கத்துப் பத்திரிகையில கறுப்புக் கட்டம் கட்டிப் போடுவாங்க. அந்த வழக்கத்தைக் கொண்டுவந்ததே நான்தான். ரெண்டு கை தூக்கி ஓட்டுப் போட்டேன்." நிமிர்ந்தார். "அதுல இவ பேர் வரக் கூடாது. நான் தொடச்சேன்னு சொல்லிடறேன்."

"நீயா? நாப்பது படம் போட்டுக் காட்டுற நீயா?"

"என் பேர் வந்தா ஒரு மாசம் சிரிப்பாங்க. அப்புறம் மறந்துடுவாங்க. இவ பேர் வந்தா, எங்க போனாலும் 'அந்த ஆந்தை வீட்டு மருமக'ம்பாங்க. இவளுக்கு இன்னும் எவ்ளோ வருஷம் இருக்கு."

"வேணாம் மாமா. நான் செஞ்சதுக்கு நானே பேர் குடுத்துக்கறேன்."

"நீ என்கிட்ட சொல்லிட்டே. அது போதும்."

"எனக்குப் போதாது."

இதற்கு மேல் வாதாட நேரமில்லை. தலைவர் லிஃப்டில் வந்துவிட்டார்.

கதவைத் திறக்க மருமகள் போனாள். மாமனார் அவளைத் தாண்டிப் போய்த் திறந்தார். வாசலில் நெடுநெடுவென்று தலைவர், கையுறை மாட்டிய கைகளை நெஞ்சருகே தூக்கிப் பிடித்தபடி. பின்னால் இரண்டு செயலாளர்கள். ஒருவரிடம் கேமரா முக்காலி, இன்னொருவரிடம் பூங்கொத்து.

"தலைவரே, மன்னிக்கணும்," என்றார் மாமனார்.  "எர்ரர் இல்ல. நான் தொடச்சிட்டேன்."

முக்காலி தரையில் விழுந்தது. பூங்கொத்துக்காரர் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

 தலைவர் மாமனாரிடமிருந்து கண்ணை எடுக்காமல், திரும்பாமலே செயலாளர்களிடம் சொன்னார்: "கார்ல பெரிய விளக்கு இருக்கு. ரெண்டு பேரும் போய் எடுத்துட்டு வாங்க."

"பெரிய விளக்கு நாம கொண்டு வரலியே தலைவரே."

"போய்த் தேடுங்க."

அவர்கள் போனார்கள். தலைவர் உள்ளே வந்து தானே கதவைச் சாத்தினார். மேஜைக்கு வந்து, லென்ஸை எடுத்து, ஆந்தையின் மேல் குனிந்தார். குனிந்தவர் நிமிரவே இல்லை. அவர் பேசியபோது குரல் மிகவும் தாழ்ந்திருந்தது.

"முதல்ல எந்தக் கண்ணு போச்சு?"

மாமனார் விழித்தார்.

"இடது," என்றார் துணிந்து.

தலைவர் மெல்லத் தலையை ஆட்டினார். இல்லை என்று.

"வலது," என்றாள் மருமகள். "முதல் இழுப்புலயே வலது போயிடுச்சு. இடது ரெண்டாவது இழுப்புல. தொடச்சது நான்தான் சார். மாமா எனக்காகச் சொல்றார்."

தலைவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். மாமனாரைப் பார்த்தார். கையுறைகளை ஒவ்வொரு விரலாகக் கழற்றினார். அந்தக் கைகளைக் கையுறை இல்லாமல் மாமனார் பார்ப்பது அதுதான் முதல் தடவை. மற்றவர்கள் கைகளைப் போலத்தான் இருந்தன.

"வலதுதான் முதல்ல போகும்," என்றார். "அதுல பூச்சு கொஞ்சம் மெல்லிசு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" அத்தையின் கால் இப்போது தரையில் படாமல் நின்றது.

தலைவர் லென்ஸைக் கீழே வைத்தார்.

"போன வருஷம் என் ஆந்தையைத் தொடச்சதுக்குக் கறுப்புக் கட்டத்துல வந்தது என் மருமக பேரு," என்றார். "பத்திரிகை வந்த மறு மாசம் அவளும் என் பையனும் வேற வீடு பாத்துட்டுப் போயிட்டாங்க. அந்தப் பொண்ணு அப்பவும் ஒரு வார்த்தை என்னை எதிர்த்துப் பேசல." கழற்றிய கையுறைகளை மேஜையில் அடுக்கி வைத்தார். "என் பெட்டியை அவ தொட்டதே கிடையாது. பேரைக் குடுத்தது நான்தான்."

படியில் காலடிச் சத்தம். கதவில் தட்டினார்கள்.

"தலைவரே, விளக்கு இல்ல! இந்த மாசக் கறுப்புக் கட்டத்துக்கு யார் பேரைக் குடுக்கிறதுன்னு அச்சகத்துலேர்ந்து கேக்கறாங்க!"

கதவுக்குப் பக்கத்தில் நின்றது மருமகள்தான். தாழ்ப்பாளில் கையை வைத்தாள். கை நடுங்கவில்லை. தலைவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

"திறக்கட்டுமா சார்?"